கொங்காணி போட்ட ஏழு பேர்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மின்சாரம் இல்லை, அதனால் தண்ணீரும் மேலே ஏறவில்லை. கீழே போய் வாளியில் பிடித்து வந்தேன். வலது முழங்கால் கத்துகிறது.

இன்றைக்கு:
– சர்க்கரை மாத்திரை
– குடைக்கு ஒரு கம்பி மாற்ற
– கோ லின் கண்காட்சிக்குச் சுவர்க்குறிப்பு. சனிக்கிழமை திறப்பு.

பத்திரிகை மூடிய பிறகு இதுதான் பிழைப்பு. படத்துக்கு அடியில் நாலு வரி, நினைவஞ்சலி, கல்யாண அழைப்பு. பர்மியத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. யார், எங்கே, எப்போது என்று எழுதிப் பழகிய கைக்கு எல்லாம் ஒன்றுதான்.

பிற்பகல் கோ லின் வீட்டுக்குப் போனேன். நாற்பது வயதிருக்கும். என்னை ‘சயா’ என்பார், வாத்தியார் என்று. அவருடைய பெரிய படம் சுவரில் சாய்ந்திருந்தது. போட்டாதாங் ஜெட்டி, படகுத்துறை. படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகை. அதன்மேல் ஏழு பேர் அரிசி மூட்டையோடு ஏறுகிறார்கள். பின்னால் இருப்பது நம் ஆறுதான், ஆனால் ஆறு மாதிரி இல்லை, பச்சைப் பால். மூட்டைகள் உள்ளே விளக்கு வைத்தது போல வெளிச்சம். ஏழு பேருக்கும் ஒரே முகம். கண் மூடியிருக்கிறது.

“ஏன் ஒரே முகம்?”

“ஏழு பேர் இல்லை சயா. உழைப்பு ஒன்றுதான். ஏழு தடவை நடக்கிறது.”

இதெல்லாம் அவர் மேஜைமேல் கிடந்த ஓர் அட்டை கிழிந்த புத்தகத்திலிருந்து எடுத்தது. போன நூற்றாண்டு பிறக்கும் சமயம் ஐரோப்பாவில் இருந்த குறியீட்டு ஓவியர்கள். தொழிற்சாலைப் புகை ஊரெல்லாம் மூடியிருந்த காலம். இவர்கள் வேலையை வரையவில்லை, வேலையின் கனவை வரைந்தார்கள். இரண்டு மணி நேரம் புரட்டினேன். புல் அறுப்பவர்கள் வரிசையாக, எல்லாருக்கும் ஒரே சாய்வு. சுரங்க வாயிலுக்குள் இறங்குகிறவர்கள், நெற்றி விளக்கு நட்சத்திரமாக. அந்தி வெளிச்சத்தில் சுள்ளி சுமக்கும் பெண்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி. யாருக்கும் வேர்க்கவில்லை. யாருக்கும் பெயர் இல்லை. ஊர் இல்லை. மேஸ்திரி இல்லை.

அழகுதான். எனக்கு எரிச்சலும் வந்தது. பெயரும் ஊரும் இல்லாத ஆளை வைத்து நான் ஒரு வரிச் செய்தி எழுதியதில்லை.

இன்னொன்று கவனித்தேன். ஏழு வலது கால்களிலும் பெருவிரல் மட்டும் பலகையைத் தொடாமல் மேலே தூக்கியிருக்கிறது. குறியீடு. கேட்டதற்குக் கோ லின் சிரித்தார். குறிப்பில் ஒரு வரி வைத்தேன்: ‘மண்ணைத் தொட மறுக்கும் பெருவிரல் – உடல் கீழே இருக்கிறது, மனம் இல்லை.’ பரவாயில்லை, நல்ல வரி. கடைசியில்: ‘நேரில் பார்த்து வரைந்தது. போட்டாதாங் ஜெட்டி, இவ்வருடம் மார்ச்.’

குடைக்கம்பி மறந்துபோனது.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டு விட்டு. ஜெட்டிக்குப் போனேன். அவசியம் இல்லை. ஆனால் இடத்தைப் பார்க்காமல் இடத்தின் பெயரை எழுதினால் தூக்கம் வராது.

பலகை இருக்கிறது. ஆறு பழுப்பு. அக்கரையிலிருந்து டாலா படகு கூட்டம் வழிய வந்து நின்றது. மூட்டைக்காரர்கள் அட்டைக்கூரைக்கு அடியில் தேநீர் குடித்தார்கள். அவர்களைக் கடந்தால் சாக்குத் தைக்கும் பெண்கள் இரண்டு பேர், கிழிந்த கோணி மலையோடு. ஒருத்தி என்னைப் பார்த்ததும் ஊசியைக் கோணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

“உலே, நீங்கதானே படத்துக்கு எழுதறவங்க? தமிழ் ஆளுன்னு சொன்னாங்க.”

‘உலே’ என்றால் சித்தப்பா, இங்கே வயதானவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயர் சரோஜா. முப்பதுக்குள். கணவன் செல்வம், ஜெட்டிக்காரர்களுக்குச் செல்வா, இங்கேதான் மூட்டை தூக்கியவன். கோ லின் நேற்று மாலை இங்கே வந்து எல்லாரையும் திறப்புக்கு அழைத்திருக்கிறார், கைபேசியில் படத்தைக் காட்டியிருக்கிறார்.

“எங்க வீட்டுக்காரர்தான் அது. ஏழும் அவரு.”

“கண் மூடியிருக்கே அம்மா. அது ஆளே இல்ல, உழைப்புன்னு கோ லின் சொல்றார்.”

“நான் அவரக் கண்ணு மூடித்தான் பார்த்திருக்கேன் உலே. இருட்டோட போவாரு, வந்தா படுத்துருவாரு. எனக்குத் தெரியாதா?”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்து, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டில் செல்வம் பெயர் விழுந்தது. அன்றே கிளம்பிவிட்டான். வார்டு அலுவலகத்திலிருந்து வந்து கேட்டபோது இவள் சொன்ன பதில்: அவர் போன தீபாவளிக்கு முன்னாலேயே மலேசியா போயிட்டார், சீட்டு விழுந்ததே அவருக்குத் தெரியாது. கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஜெட்டி முழுக்க அதையே சொன்னது. இன்றுவரை நிற்கிறது.

“இந்த வருசம் மார்ச்சுல இங்க நின்னு படத்துக்குப் போஸ் குடுத்தாருன்னு செவுத்துல எழுதி மாட்டுனா? பொய் சொன்னேன்னு என்னய உள்ள வச்சிருவாங்க. அப்புறம் அவரத் தேடுவாங்க.”

எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். வாய்ப்பழக்கம்.

“அத மட்டும் கேக்காதீங்க.”

பார்க்கிறேன் என்றேன். என்னிடம் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு.

மாத்திரை வாங்கியாகிவிட்டது.

ஜூலை 9, புதன்

குறிப்பில் ‘போட்டாதாங்’, ‘மார்ச்’, ‘நேரில் பார்த்து’ – மூன்றையும் அடித்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பிரதியில் இந்த மூன்றும் எங்கே என்று கேட்டுச் சண்டை போட்டவன்.

காட்சிக்கூடம். சொந்தக்கார அம்மாள் டோ கின். ஸ்ட்ராண்ட் ரோட்டை ஒட்டிய பழைய கிடங்கின் மாடி. அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். காரணம் முழுதாகச் சொல்லவில்லை, பாதி சொன்னேன். மீதி அவருக்கே புரிந்தது.

“அனுமதிக்குப் பட்டியல் போயாச்சு சயா. ஒன்று குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வேண்டாம் என்றுதானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்?”

சரி. மாட்டினாலும் ஆபத்து, கழற்றினாலும் ஆபத்து.

கோ லின் வீடு. சரோஜா (இனி ச.) சொன்னதை அப்படியே சொன்னேன். தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இது செல்வா முகம் இல்லை சயா. அங்கே தொடங்கினேன். பிறகு அவனை எடுத்துவிட்டேன்.”

“அவன் பெண்டாட்டிக்குத் தெரிகிறதே.”

“பெண்டாட்டிக்கு எல்லாம் தெரியும். வார்டு ஆளுக்குத் தெரியுமா?”

“தெரிந்தால்?”

“முகத்தைத் தொட்டால் படம் செத்துப்போகும்.”

கெட்டவர் இல்லை. இரண்டு வருட வேலை. மார்ச்சில்தான் அவருக்கு முகம் கிடைத்திருக்கிறது. அந்தப் புத்தகத்து ஆட்கள் பெயரில்லாதவனை எப்படி வரைந்தார்களோ தெரியவில்லை. இவருக்கு வரவில்லை. கை பொய் சொல்லாத கை. அதுதான் சங்கடம்.

வெளியே வரும்போது செருப்பு ஒன்று மழைத்தண்ணீரில் போய்விட்டது. சாக்கடை வரை துரத்தினேன். ஒற்றைச் செருப்போடு பேருந்து. யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

ஜூலை 10, வியாழன்

வாசோ பௌர்ணமி. விடுமுறை. தெருவெல்லாம் பூக்கூடை. பேய் மழை.

வேறு வழி தெரியாமல் ச.வைக் கோ லின் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவளிடம் குடை இல்லை. கோணியின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் குத்திக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்திருந்தாள். ஜெட்டியில் மழைக்கும் சிமென்ட் தூசிக்கும் ஆணும் பெண்ணும் போடுவது. தலை, முதுகு இரண்டும் மறையும். என் குடையில் பாதி கொடுத்தேன். ஒரு கம்பி இல்லாத குடை, அவள் வேண்டாம் என்றாள்.

படத்துக்கு முன்னால் நின்றாள். கொங்காணியை எடுக்கவில்லை. தண்ணீர் சொட்டியது. கோ லின் ஒரு துணியைத் தரையில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

“ஏழு பேரா?” என்றாள் கடைசியில், பர்மியத்தில். “ஒருத்தருக்கே என்னால சோறு ஆக்க முடியல.”

கோ லின் சிரித்துவிட்டார். அவளும். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. முதல் ஆளின் முகத்தருகே கையைக் கொண்டுபோனாள். தொடவில்லை.

“அழகா இருக்காரு. இவ்வளவு அழகு இல்ல.”

நான் சுவரைப் பார்த்தேன். கொங்காணியைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினாள். கோணி விறைப்பாக நின்றது, உள்ளே ஆள் இருக்கிற மாதிரி. கோ லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ச. தான் சொன்னாள். “கோ லின், மழை நாள்னு வச்சுக்குங்களேன். இத எடுத்து அவங்க தலையில போட்டு விடுங்க.”

கோ லின் போய் வண்ணம் குழைக்கும் பலகையை எடுத்தார். பழுப்பு, கரி, கொஞ்சம் மஞ்சள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். எங்களைப் போகச் சொல்லவில்லை, ஆனால் நாங்கள் இருப்பதை மறந்துவிட்டார்.

கோணியை அங்கேயே விட்டுவிட்டு ச. நனைந்துகொண்டே போனாள்.

ஜூலை 11, வெள்ளி

வயிறு சரியில்லை. கஞ்சி.

கோ லின் கூப்பிட்டார். முடித்துவிட்டார். போய்ப் பார்த்தேன். ஏழு கொங்காணி. முகம் இருந்த இடத்தில் நிழல், நிழலுக்குள் ஒன்றுமில்லை. மூட்டை வெளிச்சம் இப்போது இன்னும் கூடியது போல. துக்க ஊர்வலம் மாதிரியும் இருக்கிறது, சாமியார்கள் மாதிரியும் இருக்கிறது. புத்தகத்து ஆட்களில் இவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வித்தியாசம் தெரியாது. திங்கட்கிழமை எதற்கு எரிச்சல் பட்டேனோ அதற்கு இன்று நிம்மதி. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், அப்படியே போங்கள் என்று தோன்றியது.

“இதுதான் நான் முதலில் நினைத்தது,” என்றார் கோ லின். களைப்பு. சந்தோஷமா என்று தெரியவில்லை.

கைபேசியில் பிடித்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். ச. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பெரிதாக்கிக் காட்டினேன், முகம் முகமாக.

“நல்லது உலே. இப்ப யாருமில்ல.”

தைக்க உட்கார்ந்தாள். நான் கிளம்பும்போது, தலை நிமிராமல்:

“முகத்தச் சுரண்டி எடுத்தாரா, மேல பூசுனாரா?”

“மேலே பூசினார்.”

“அப்ப உள்ள இருக்காரு.”

பக்கத்தில் தைக்கும் மா ன்யோ, “யாரு உள்ள?” என்று கேட்டாள். ச. “உன் மாப்பிள்ள” என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

சுவர்க்குறிப்பு அச்சுக்குப் போய்விட்டது. திரும்பப் படித்துப் பார்த்தேன். இடமில்லை, மாதமில்லை, பெயரில்லை. சுத்தம்.

ஜூலை 12, சனி

வெயில். ஆச்சரியம்.

திறப்பு. நாற்பது பேர் இருக்கலாம். சமோசா, தேநீர், இளஞ்சிவப்பில் ஒரு பானம். ஜெட்டியிலிருந்து மூட்டைக்காரர்கள் வந்தார்கள், இஸ்திரி போட்ட சட்டையோடு. ச. வரவில்லை, வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வார்டு அலுவலகத்து உ மியினும் வந்தார். எங்கே ஆள் கூடினாலும் வருவார், அது அவர் வேலை. மெதுவாகப் பேசுகிற மனிதர். எல்லாப் படத்துக்கு முன்னாலும் சரியாக அதே நேரம் நின்றார். கொங்காணிப் படத்துக்கு முன்னாலும் அதே நேரம்தான். அடுத்த படத்துக்கு நகர்ந்தார். எனக்கு மூச்சு வந்தது.

அப்போது டோ கின் கை தட்டி, விருந்தாளிகளைப் பெரிய படத்தின் அருகே கூட்டி, என் குறிப்பை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நல்ல குரல். ‘மண்ணைத் தொட மறுக்கும் பெருவிரல்’ என்ற இடத்தில் நிறுத்தி, விரலால் காட்டினார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

“அட, செல்வா காலு.”

சொன்னது கோ ட்வே. மூட்டைக்காரர். திருவிழாவுக்கு ஊருக்குப் போனவர், டெல்டா பக்கம், நாற்று வேலை முடிந்து நேற்றுத்தான் திரும்பினாராம். அவருக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஆணி ஏறுனதுலேர்ந்து அவன் பெருவிரல அப்படித்தானே தூக்கி வைப்பான்? ஏழு பேரும் செல்வாவா? ஒரு செல்வாவுக்கே அந்தப் பலகை ஆடும்.”

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம்.

“இந்த வருசத் திருவிழாவுக்கு முந்தி இவரு வரையறப்போ பக்கத்துல நான்தான் நின்னேன். நிக்க வச்சு நிக்க வச்சு, பசி தாங்காம ரெண்டு கிண்ணம் மோஹிங்கா கேட்டு வாங்கித் தின்னான். எங்க அவன்? படத்துல ஏழு பேரா வந்துட்டு இங்க ஒருத்தனா வரக்கூடாதா?”

மற்ற மூட்டைக்காரர்கள் வாயில் சமோசாவோடு அப்படியே நின்றார்கள். ஒருவர் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். “என்னடா?” என்றார் கோ ட்வே. “மோஹிங்கா தின்னது பொய்யா?”

கோ லின் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

குறியீடு இல்லை. ஆணி ஏறிய கால். எழுதி, வெளிச்சம் போட்டு, கீழே மாட்டியும் வைத்தேன்.

உ மியின் திரும்பி வந்தார். தேநீர்க் கோப்பை கையில். படத்தின் அடியைப் பார்த்தார். பிறகு குறிப்பைப் படித்தார், நிதானமாக, ஆங்கிலத்தையும்.

“எழுத்து உங்களுடையதா சயா?”

“ஆமாம்.”

“நல்லா எழுதியிருக்கீங்க. பெருவிரல நான் கவனிச்சே இருக்க மாட்டேன்.”

கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, டோ கின்னுக்கு நன்றி சொல்லிவிட்டு, போனார். வெயில் நாளிலும் குடை எடுத்து வந்திருந்தார்.

ச.வுக்குச் சொல்ல ஒருவரை ஓடச் சொன்னேன். கோ ட்வேக்கு யாரோ விஷயத்தைச் சொன்னார்கள் போல. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், முழங்காலுக்கு நடுவில் தலை. அவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. தோளில் கை வைக்க நினைத்தேன். வைக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மறுபடி மழை. காலையிலேயே ஜெட்டி.

ச. இல்லை. கோணி மலை இருக்கிறது, மா ன்யோ இருக்கிறாள். ச.வின் இடத்தில் பாய் சுருட்டி வைத்திருந்தது.

“வார்டு ஆள் யாராவது வந்தாங்களா?”

“இன்னும் இல்ல.”

“சரோஜா?”

மா ன்யோ மடியிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்துக் காட்டினாள். துணி சுற்றிய பிடி.

“எங்கள்ல யாரும் ஊசிய யாருக்கும் குடுக்க மாட்டோம். கை பழகுன ஊசி. நேத்து சாயங்காலம் வந்து குடுத்துட்டுப் போயிருச்சு.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பேன் என்று மா ன்யோ எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பிறகு நூல் கோக்க ஆரம்பித்தாள். அவள் அந்த ஊசியால் தைக்கவில்லை, தன்னுடையதால்தான்.

உ மியின் ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். காது கேட்காதவராக இருக்கலாம். அந்தக் காலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டவராகவும் இருக்கலாம். யாரிடமும் போய் உறுதிசெய்ய முடியாத செய்தி.

கோ லின் வீட்டு வழியாக வந்தேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது, நாற்காலியில் அந்தக் கோணி இன்னும் நிற்கிறது. காய்ந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள்

காற்றோடு மழை. தண்ணீர் ஏறியது, மின்சாரம் பத்து மணிக்கே போனது.

– செருப்பு
– குடைக்கம்பி (இன்னும்)
– மாத்திரை தீர்ந்தது. எண்ணித்தான் வாங்கினேன், எப்படித் தீர்ந்தது?

டோ கின் தகவல் அனுப்பியிருக்கிறார். பெரிய படம் விற்றுவிட்டது, வெளிநாட்டுக்காரர். வாங்கியவருக்கு விவரம் வேண்டுமாம்: நின்றவர் பெயர், எந்த ஜெட்டி, எந்த மாதம். ‘உங்களுக்குத்தான் இதெல்லாம் சரியாகத் தெரியும் சயா.’

எழுதி அனுப்பினேன்:

பெயர் தெரியாது.
ஒரு ஆற்றங்கரை.
மழைக்காலம்.

பதில் வந்தது: ‘கடைசியில் நீங்களும் கோ லின் மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்.’ கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

கீழே தேநீர்க்கடையில் உ மியின் உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தெரு அவர் வழி இல்லை. மேலே பார்க்கவில்லை. மடக்கிய குடை நாற்காலியில், தேநீர் தொடாமல். மாத்திரைக்கு நான் இறங்கியாக வேண்டும், கடைக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் கேட்டால் பதில் இதே மூன்று வரி.